வீட்டில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவ எந்த டெவலப்பர், எப்படிக் கலப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலேயே ஃபிலிம் கழுவத் தொடங்குபவர்களுக்கு டேங்க் (ஒளி புகாத கழுவும் பாத்திரம்), ரீல் (அதற்குள் ஃபிலிமைச் சுற்றி வைக்கும் சக்கரம்), ஃபிக்ஸர் ஆகியவற்றில் பெரிய குழப்பம் வருவதில்லை. டெவலப்பர் என்றதும்தான் கேள்விகள் வரிசையாக வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த டெவலப்பரை வாங்குவது என்பதற்குச் செலவிடும் யோசனையில் பாதியையாவது வெப்பநிலைக்கும் தண்ணீருக்கும் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் ஊர் வெயிலில் ஃபிலிம் கெடுவது பெரும்பாலும் அந்த இரண்டால்தான்.

டெவலப்பர் உண்மையில் என்ன செய்கிறது? நேராக ஃபிக்ஸரில் போட்டால் என்ன?

நேராக ஃபிக்ஸரில் போட்டால் கண்ணாடி போன்ற வெற்று ஃபிலிம்தான் கிடைக்கும். எடுத்த படத்தை எவராலும் மீட்க முடியாது. ஃபிலிமில் ஒளி பட்ட வெள்ளி உப்புத் துகள்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் மட்டுமே நடந்திருக்கிறது. அந்தத் துகள்களைத் தேடிப்பிடித்துக் கரிய உலோக வெள்ளியாக மாற்றுவது டெவலப்பரின் வேலை. ஒளி படாமல் மிஞ்சிய உப்பைக் கரைத்து வெளியேற்றுவது ஃபிக்ஸரின் வேலை. ஸ்டுடியோக்காரர்கள் ‘ஹைப்போ’ என்று சொல்வது இந்த ஃபிக்ஸரைத்தான்.

பெரும்பாலான டெவலப்பர்களில் நான்கு வகைப் பொருள்கள் இருக்கும். படத்தை வெளிக்கொணரும் மெட்டால், ஹைட்ரோகுவினோன், ஃபெனிடோன் போன்றவை முதல் வகை. அவை காற்றுப்பட்டுக் கெடாமல் காக்கும் சோடியம் சல்ஃபைட் இரண்டாவது. வேலையை முடுக்கிவிடும் போராக்ஸ், சோடியம் கார்பனேட் போன்ற காரங்கள் மூன்றாவது. ஒளி படாத இடம் கறுக்காமல் தடுக்கும் பொட்டாசியம் புரோமைடு போன்றவை நான்காவது. இது எல்லா டெவலப்பரிலும் இருக்காது. இந்த நான்கும் மனத்தில் இருந்தால் கீழே உள்ள பதில்கள் எளிதாகப் புரியும்.

முதல் முறையாகக் கழுவப்போகிறேன். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எதை வாங்குவது?

மாதம் இரண்டு மூன்று ரோல் கழுவுவீர்கள் என்றால் பொடியாக வரும் டி-76 அல்லது ஐடி-11. டி-76 கோடாக் நிறுவனம் 1920களில் உருவாக்கியது. நூறாண்டாகப் புதிய டெவலப்பர்களை இதனோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிட்டு வருகிறார்கள். அநேகமாக எல்லாக் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கும் இதில் எத்தனை நிமிடம் என்ற கணக்கு கிடைக்கும். கிரெயின் (படத்தில் தெரியும் வெள்ளித் துகள்), கூர்மை, நிழல் விவரம் மூன்றிலும் நடுநிலையானது. சிறு பிழைகளையும் பொறுத்துக்கொள்ளும்.

எப்போதாவது ஒரு ரோல்தான் என்றால் பொடி உங்களுக்குச் சரிப்படாது. கலந்து வைத்தது கெட்டுப்போகும். அப்படிப்பட்டவர்கள் எச்சி-110 (HC-110) அல்லது ரோடினால் வாங்குவது நல்லது. இரண்டும் அடர்திரவங்கள், தேவையானதை மட்டும் எடுத்துத் தண்ணீரில் கலந்து, பயன்படுத்தி, கொட்டிவிடலாம். ரோடினால் 1891இல் சந்தைக்கு வந்தது. இன்றும் வெவ்வேறு பெயர்களில் கிடைக்கிறது. திறந்த பாட்டிலே ஆண்டுக்கணக்கில் உழைக்கும். நிறம் கருங்காபிபோல் ஆனாலும் வேலை செய்யும்.

டி-76க்கும் ஐடி-11க்கும் என்ன வித்தியாசம்?

இரண்டும் ஏறக்குறைய ஒரே கலவை. ஐடி-11 இல்ஃபோர்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. ஏ, பி என்று இரண்டு உறைகளாக வரும். கிடைப்பதை வாங்குங்கள். நேரத்தை மட்டும் அந்தந்த டெவலப்பருக்கான பட்டியலில் பாருங்கள், நீர்த்துப் பயன்படுத்தும்போது இரண்டின் பட்டியலும் சற்று வேறுபடுகின்றன.

1+1, 1+31, 1+50 என்றெல்லாம் எழுதியிருக்கிறது. எனக்குக் கணக்கு வரவில்லை.

முதல் எண் டெவலப்பரின் பங்கு, இரண்டாவது தண்ணீரின் பங்கு. இரண்டையும் கூட்டி, டேங்குக்குத் தேவையான மொத்த அளவை அதனால் வகுத்தால் ஒரு பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். 35 மி.மீ. ரோல் ஒன்றுக்குப் பேட்டர்சன் நிறுவனத்தின் டேங்கில் 290 மி.லி. வேண்டும், 300 என்று வைத்துக்கொள்வோம். 1+1 என்றால் 150 மி.லி. டெவலப்பர், 150 மி.லி. தண்ணீர். எச்சி-110ஐ 1+31இல் கலப்பதென்றால் 300ஐ 32ஆல் வகுக்க வேண்டும், 9.4 மி.லி. வரும். ரோடினால் 1+50 என்றால் 51ஆல் வகுக்க, 5.9 மி.லி.

இந்தச் சிறு அளவுகளை அளவுக்குவளையில் அளக்காதீர்கள். மருந்துக்கடையில் ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மி.லி.யில் ஒரு மி.லி. தவறினாலே நெகட்டிவில் தெரியும். எச்சி-110 பிசுபிசுப்பாக இருந்தால் சிரிஞ்சின் உள்ளே ஒட்டிக்கொள்ளும். கலக்கும் தண்ணீரையே இரண்டு முறை உறிஞ்சி உள்ளே தள்ளினால் ஒட்டியதும் வந்துவிடும்.

நீர்க்க நீர்க்க இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரு ரோலைக் கழுவி முடிக்க டேங்குக்குள் போதிய டெவலப்பர் இருந்தாக வேண்டும். ரோடினாலை 1+100 என்று 300 மி.லி. கலந்தால் உள்ளே இருப்பது மூன்று மி.லி.தான். ஒரு ரோலுக்கு ஐந்து மி.லி.யாவது இருக்கும்படி பெரிய டேங்கில், கூடுதல் திரவத்தில் கழுவுங்கள்.

பாக்கெட்டில் பாதிப் பொடியை மட்டும் இப்போது கலந்துகொள்ளலாமா? முழுவதும் வீணாகிவிடுமே.

கூடாது. முதல் பதிலில் சொன்ன பொருள்கள் அத்தனையும் பொடியாக ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று கனம், ஒன்று இலேசு, ஒன்று மணி மணியாக, ஒன்று மாவாக. பயணத்தில் குலுங்கிக் குலுங்கி அவை பாக்கெட்டுக்குள் தனித்தனி அடுக்காகப் பிரிந்திருக்கும். நீங்கள் எடுக்கும் பாதியில் மெட்டால் குறைந்தும் சல்ஃபைட் மிகுந்தும் இருக்கலாம். முழுப் பாக்கெட்டையும் கலந்து, சிறு பாட்டில்களில் பிரித்து வையுங்கள்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். அதிலேயே கலக்கலாமா?

டெவலப்பரைக் கலக்க வேண்டாம். உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, சல்ஃபைட்டோடு சேர்ந்து வெண்படிவாக இறங்கும். அது ஃபிலிமில் ஒட்டும். இரும்பு கலந்த தண்ணீர் இன்னும் மோசம். டெவலப்பர் காற்றுப்பட்டுக் கெடுவதை அது விரைவுபடுத்தும். வைட்டமின் சி வகையைச் சேர்ந்த பொருளால் ஆன எக்ஸ்டால் போன்றவற்றுக்கு இரும்பு பெரும் பகை.

குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீர் அல்லது வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் போதும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் கிடைத்தால் மிக நல்லது; ஃபிலிமைக் காயப் போடுவதற்கு முன் கடைசியாக அலசவும் அதைப் பயன்படுத்துங்கள், சொட்டுக் கறை விழாது. இடையில் உள்ள கழுவல்களுக்குப் போர் தண்ணீர் தாராளமாக உதவும்.

டி-76 பொடி கரையவே மாட்டேன் என்கிறது. அடியில் மணலாக நிற்கிறது.

தண்ணீர் ஆறியிருக்கும். டி-76க்கு 50 முதல் 55 டிகிரி சூடு வேண்டும். ஐடி-11க்கு 40 டிகிரி போதும். ஒரு லிட்டர் பாக்கெட்டுக்கு முதலில் முக்கால் லிட்டர் வெந்நீர் எடுத்து, கலக்கிக்கொண்டே பொடியைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டியாகி அடியில் பிடித்துக்கொள்ளும். முதலில் திரவம் சுண்ணாம்புத் தண்ணீர்போல் வெளிறும். ஓரிரு நிமிடங்களில் மேலிருந்து தெளியத் தொடங்கும். கண்ணாடிப் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் துகள்கள் சுழன்றுகொண்டே சிறுத்து மறைவது தெரியும். எல்லாம் மறைந்தபின் குளிர்ந்த நீர் ஊற்றி ஒரு லிட்டர் ஆக்குங்கள்.

நுரை வர அடித்துக் கலக்காதீர்கள். உள்ளே போகும் காற்று டெவலப்பரைத் தின்னும். கலந்த அன்றே கழுவ அவசரப்படாமல் ஓர் இரவு விட்டு மறுநாள் பயன்படுத்துவது நல்லது.

பட்டியல் முழுவதும் 20 டிகிரி என்கிறது. எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீரே 31 டிகிரி. என்ன செய்வது?

கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். சூடு ஏற ஏற டெவலப்பர் வேகமாக வேலை செய்யும். இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் ஃபிலிமை நீர்க்காத ஐடி-11இல் 20 டிகிரியில் ஏழரை நிமிடம் கழுவ வேண்டும். 24 டிகிரி என்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் குறையும். ஐந்து நிமிடத்தைச் சற்றே தாண்டும். 31 டிகிரியில் இன்னும் சுருங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் திரவம் ஊற்றும் நேரமும் வடிக்கும் நேரமுமே பெரிய பங்காகிவிடும். வானம் போன்ற வெற்றுப் பரப்புகளில் திட்டுத் திட்டாக வரும்.

ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். 20 டிகிரிக்குப் போராடாமல் 24 டிகிரியைப் பிடியுங்கள். டெவலப்பரை 1+1 ஆக நீர்த்துக்கொள்ளுங்கள். எச்பி5 பிளஸ் ஐடி-11 1+1இல் 20 டிகிரிக்கு 13 நிமிடம். 24 டிகிரியில் சுமார் ஒன்பது நிமிடம் வரும். அது வசதியான நேரம். நீர்ப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. பாட்டிலில் உள்ள 31 டிகிரி டெவலப்பர் 150 மி.லி.யோடு, ஃபிரிட்ஜில் வைத்து 17 டிகிரிக்குக் கொண்டுவந்த தண்ணீர் 150 மி.லி. சேர்த்தால் கலவை நேராக 24 டிகிரியில் நிற்கும். ஐஸ் கட்டியைக் கலவைக்குள் போடாதீர்கள், அளவு கெட்டுவிடும்.

டேங்க், ஃபிக்ஸர் பாட்டில், கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் 24 டிகிரித் தண்ணீர் உள்ள ஒரு வாளியில் நிறுத்தி வையுங்கள். டெவலப்பர் 24, ஃபிக்ஸர் 31, தண்ணீர் 33 என்று தாவினால் ஃபிலிமின் ஜெலட்டின் பரப்பு சுருங்கி விரிந்து வலைபோல் வெடிக்கும் அபாயம் உண்டு. இன்றைய ஃபிலிம்கள் இறுகியவை, அவ்வளவு எளிதில் வெடிப்பதில்லை. ஆனாலும் எல்லாம் இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்கட்டும். டேங்கை உள்ளங்கையால் அணைத்துப் பிடிக்காமல் மூடியையும் அடியையும் விரல்களால் பிடியுங்கள், கைச்சூடும் ஏறும்.

குளிர்விக்க வழியில்லாத காலத்தில் வெப்ப நாடுகளுக்கென்றே கோடாக் டிகே-15 போன்ற டெவலப்பர்களை வகுத்திருந்தது. சோடியம் சல்ஃபேட் சேர்த்து ஜெலட்டின் ஊறாமல் காப்பது பழைய முறை. இன்று ஃபிரிட்ஜும் ஒரு வாளியும் இருக்கிற வீட்டுக்கு அது தேவையில்லை.

1+1 ஆக நீர்த்தால் படத்தின் தரம் குறையாதா?

குறையாது, சற்று மாறும். டி-76இல் லிட்டருக்கு 100 கிராம் சல்ஃபைட் இருக்கிறது. அவ்வளவு சல்ஃபைட் வெள்ளித் துகளின் ஓரத்தைச் சிறிது கரைத்து மென்மையாக்கும். நீர்த்தால் அந்தக் கரைப்பு குறைகிறது. கிரெயின் இம்மியளவு கூடுதலாகத் தெரியும், விளிம்புகள் கூர்மையாகும். எனக்கு அந்தக் கூர்மை பிடிக்கும். ஒற்றை ரோல் டேங்கில் 36 படச் சுருளை 1+1இல் கழுவும்போது நேரத்தை 10 சதவீதம் கூட்டச் சொல்கிறது கோடாக். டெவலப்பர் குறைவாக இருப்பதே காரணம்.

கழுவிய டெவலப்பரை மறுபடியும் பயன்படுத்தலாமா?

நீர்த்ததைக் கூடாது, ஒரு முறைதான். நீர்க்காத ஐடி-11ஐப் பயன்படுத்தலாம். ஒரு லிட்டரில் பத்து ரோல் வரை கழுவலாம், ஒவ்வொரு ரோலுக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்பது இல்ஃபோர்டின் கணக்கு. ஆனால் எத்தனையாவது ரோல் என்று பாட்டிலில் குறிக்க மறந்தால் எல்லாம் குழம்பிவிடும். கொட்டிவிடும் முறையையே பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு ரோலுக்கும் ஒரே வீரியம் கிடைக்கும்.

கலந்து வைத்தது கெட்டுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஃபிலிமின் தொடக்கத்தில் ஏற்கெனவே வெளிச்சம் பட்ட நாக்கு போன்ற துண்டு இருக்கிறதல்லவா? அதில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, பகல் வெளிச்சத்திலேயே டெவலப்பரில் போடுங்கள். சில நிமிடங்களில் கன்னங்கரேல் என்று ஆக வேண்டும். சாம்பல் நிறத்தோடு நின்றுவிட்டால் கொட்டிவிடுங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். டி-76 கெடும்போது பழுப்பேறும். எக்ஸ்டாலோ வெறும் தண்ணீர்போல் தெளிவாக இருந்துகொண்டே செத்துப்போகும். கழுத்துவரை நிரப்பிய பாட்டிலில் டி-76 ஆறு மாதம் தாங்கும், பாதி காலியான பாட்டிலில் இரண்டு மாதம். குறைந்த இடத்தைக் கோலிக்குண்டு போட்டு நிரப்புவது பழைய நல்ல வழி. வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.

ஐஎஸ்ஓ 400 ஃபிலிமை (ஃபிலிமின் ஒளியுணர்வு எண்) 1600 என்று வைத்து, குறைந்த ஒளியில் எடுத்துவிட்டேன். எந்த டெவலப்பர் காப்பாற்றும்?

மைக்ரோஃபென், டிடி-எக்ஸ், எக்ஸ்டால் ஆகியவை இதற்கு ஏற்றவை. ஐடி-11தான் இருக்கிறது என்றாலும் கழுவலாம்: எச்பி5 பிளஸை 1600இல் எடுத்திருந்தால் நீர்க்காமல், 20 டிகிரியில் 14 நிமிடம். இங்கே 1+1 வேண்டாம். ரோடினால் வேண்டவே வேண்டாம்.

எந்த டெவலப்பரும் ஒளியே படாத நிழலில் விவரத்தை உண்டாக்க முடியாது. நேரத்தைக் கூட்டும்போது வெளிச்சப் பகுதிகள்தாம் மேலும் அடர்த்தியாகும். நிழல் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு) கூடிய படம் வரும் என்று தெரிந்தே செய்யுங்கள்.

ரோடினாலை 1+100 கலந்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் போதும் என்கிறார்களே?

20 டிகிரி நிலைக்கும் அறையில் சில படங்களுக்கு அது அழகாக வரும். 31 டிகிரி அறையில் ஒரு மணி நேரம் என்றால் ஃபிலிம் முழுவதும் மூட்டம் (ஒளி படாத இடத்திலும் படரும் கறுப்பு) ஏறும். அசைக்காமல் விட்டால் ஃபிலிமின் ஓரத் துளைகளை ஒட்டி வரி வரியாகக் கோடுகளும் விழலாம். தொடங்குபவர்கள் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பொருள்களைத் தனித்தனியாக வாங்கி நானே கலக்கலாமா?

கட்டாயம் முயலுங்கள். டி-23 என்ற கலவையில் இரண்டே பொருள்கள்: லிட்டருக்கு மெட்டால் 7.5 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம். டி-76க்கு மெட்டால் 2, சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2 கிராம். ஆய்வுக்கூடப் பொருள்கள் விற்கும் கடைகளில் கேளுங்கள். 0.1 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும்.

வரிசை முக்கியம். சல்ஃபைட் நிறைந்த நீரில் மெட்டால் கரையாது. வெறும் நீரில் போட்டால் காற்றுப்பட்டுக் கெடும். ஆகவே முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், அடுத்து மெட்டால், அது முழுவதும் கரைந்தபின் மிச்ச சல்ஃபைட், அடுத்து ஹைட்ரோகுவினோன், கடைசியில் போராக்ஸ். கடைக்காரர் சல்ஃபேட்டையோ சல்ஃபைடையோ எடுத்துக் கொடுத்துவிடாமல் புட்டியின் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்து வாங்குங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் அது சல்ஃபைடு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காபியில் கழுவலாம் என்பது உண்மையா?

உண்மை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் 1995இல் வந்த யோசனை அது, கேஃபினால் என்பார்கள். பரவலான ஒரு கணக்கு: லிட்டருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், இன்ஸ்டன்ட் காபித் தூள் 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிடம். சிக்கரி கலக்காத தூளாக வாங்குங்கள். ஆப்பசோடா உதவாது. நாற்றம் கடுமையாக இருக்கும். கலந்தவுடன் பயன்படுத்த வேண்டும், வைத்திருக்க முடியாது. செய்து பார்க்கத் தக்கது, ஆனால் திரும்ப எடுக்க முடியாத படங்களுக்கு இதை நாடாதீர்கள்.

தாத்தா அலமாரியில் ஊட்டி ‘இந்து’ ஃபிலிம் ஒன்று, எடுத்தது கழுவாமலே இருக்கிறது. எதில் கழுவுவது?

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960இல் தொடங்கப்பட்டது. அதன் ஃபிலிம்தான் ‘இந்து’. பதற்றப்படாமல் கழுவுங்கள், குடும்பத்தின் முகங்கள் உள்ளே இருக்கலாம். பழைய ஃபிலிமில் ஆண்டுகள் ஆக ஆக மூட்டம் ஏறியிருக்கும். மூட்டத்தைக் குறைவாகக் காட்டும் எச்சி-110ஐ 1+31இல் பயன்படுத்துங்கள். இங்கே மட்டும் 24 டிகிரி வேண்டாம், 20 டிகிரியைப் பிடியுங்கள். பழைய ஜெலட்டின் இன்றைய ஃபிலிம்போல் இறுகியதல்ல, சூட்டில் ஊறி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். விரலால் தொடாதீர்கள்.

35 மி.மீ. என்றால் இருட்டில், தொடக்கத்தில் வெளிச்சம் பட்ட பகுதியைத் தாண்டிப் பத்து சென்டிமீட்டரை வெட்டி அதை மட்டும் கழுவிப் பாருங்கள். ஒரு படம் போகலாம். மற்றவற்றுக்கு எத்தனை நிமிடம் என்பது தெரிந்துவிடும்.

கையில் பட்டால் ஆபத்தா? மிச்சத்தை எங்கே ஊற்றுவது?

மெட்டால் சிலருக்குத் தோல் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். ஒரு முறை வந்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். கையுறை போடுங்கள், பொடி கலக்கும்போது முகக்கவசமும் அணியுங்கள். சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்து, ஒரு குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். தனிப் பாட்டில், பெரிய எழுத்தில் பெயரும் கலந்த தேதியும், பூட்டிய அலமாரி. இதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

பயன்படுத்திய டெவலப்பரை நிறையத் தண்ணீரோடு சாக்கடை இணைப்பில் விடலாம். கிணற்றடியிலும் செடியிலும் ஊற்றாதீர்கள். ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். அதைச் சாக்கடையில் விடாமல் தனியாகச் சேர்த்து வையுங்கள்.

நெகட்டிவ் வெளிறிப்போய் வந்தது. டெவலப்பர் தவறா, நான் படம் எடுத்தது தவறா?

ஃபிலிமின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே நிறுவனத்தின் பெயரும் பட எண்களும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கும் உங்கள் கேமராவுக்கும் தொடர்பில்லை. ஓர எழுத்துகள் நல்ல கறுப்பாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால் டெவலப்பர் தன் வேலையைச் செய்திருக்கிறது, ஒளிதான் போதவில்லை. எழுத்துகளும் வெளிறியிருந்தால் டெவலப்பர் பழையதாக இருக்கலாம், குளிர்ந்திருக்கலாம், அளவு குறைந்திருக்கலாம். எழுத்தே இல்லாமல் ஃபிலிம் முழுவதும் வெறுமையாக இருந்தால் முதலில் ஊற்றியது ஃபிக்ஸராக இருக்கக்கூடும்.

டெவலப்பர்தான் காரணம் என்று தெரிந்தால், மேலே சொன்ன நாக்குத் துண்டுச் சோதனையைச் செய்யுங்கள். துண்டு கறுத்தால் தெர்மாமீட்டரை இன்னொரு தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலிவானவை இரண்டு மூன்று டிகிரி பிசகிக் காட்டுவது சாதாரணம். அதுவும் சரியென்றால் அடுத்த ரோலில் வேறு எதையும் மாற்றாமல் நேரத்தை மட்டும் 15 சதவீதம் கூட்டுங்கள்.